சேர்மன் அனானேயின் வண்டிக் கதவில் தெரிந்தவள்

சேர்மன் அனானே தம் வாழ்நாளில் நூற்றுக்கும் மேற்பட்ட கார்களுக்கு அதிபதியாக இருந்தார். ஒவ்வொன்றுக்கும் சுமார் அரை மணி நேரம்.

அந்த அரை மணி நேரம் பெயிண்ட் காய்ந்ததும் தொடங்கும். வண்டிக்காரர் சாவி கேட்டு வந்ததும் முடியும். குமாசி நகரத்து சுவாமே மேகசினில், ஆயிரம் சுத்தியல்கள் ஒரே நேரத்தில் தகரத்தை அடிக்கும் அந்தப் பட்டறைக் காட்டில், எல்லோருக்கும் இது தெரியும். தொழில் என்று பார்த்தால் அனானே கார்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர்தான். ஆனால் தொழிலை வைத்து மனிதனை எடை போடக் கூடாது என்று ஃபேஸ்புக் வந்தபிறகு உலகமே ஒத்துக்கொண்டுவிட்டது. எந்தச் சங்கத்துக்கு இவர் சேர்மன் என்று கேட்டவர்களும் உண்டு. அவர்கள் பொறாமைக்காரர்கள் என்பதால் பதில் சொல்லப்படவில்லை.

மேகசின் வாசலில் சோளக்கஞ்சியும், தட்டைப்பயற்றை அரைத்துப் பொரித்த கோசேயும் விற்பவள் பிராகோ. சேர்மனின் மனைவி. பெயிண்ட் காய்ந்துவிட்டால் இத்ரிசு அவள் அடுப்புக்கு முன்னால் வந்து நிற்பான். இத்ரிசு நெளிந்த தகரத்தைத் தட்டி நிமிர்த்துகிறவன். அனானேயின் கொட்டகையில் பாதி அவனுடையது. அங்கே நடக்கும் பேச்சில் முக்கால்வாசி அவனுடையது.

"அண்ணி, சேர்மன் புது வண்டி வாங்கியிருக்காரு. உன்னை வரச் சொன்னாரு."

"என்ன கலரு?"

"கறுப்பு. சாயங்காலம் வரைக்கும் தாங்காது. சீக்கிரம் வா."

கரண்டியைப் பக்கத்துக் கடைக்காரியிடம் கொடுத்துவிட்டு, கையை இடுப்புத் துணியில் துடைத்துக்கொண்டு பிராகோ ஓடுவாள். அதற்குள் அனானே முழங்கை வரைக்கும் தின்னர் போட்டுக் கழுவி, கொட்டகை ஆணியில் பாலித்தீன் உறைக்குள் தொங்கும் கோட்டை எடுத்து மாட்டியிருப்பார். கோட்டுக்குப் பொருத்தமான கால்சட்டை கிடையாது. ஆகவே முன்கதவைத் திறந்துவைத்து அதன் பின்னால் நிற்பார். இடுப்புக்கு மேலே கோட்டு, இடுப்புக்குக் கீழே கதவு. சேர்மன் என்ற பதவி இந்த இரண்டும் சேர்ந்ததுதான்.

"குந்திக்கோ பிராகோ. கீழேர்ந்து எடுத்தாத்தான் உசரமாத் தெரிவேன்."

"குந்தித்தான் இருக்கேன். இதுக்கு மேல குந்தணும்னா குழி வெட்டணும்."

"சாக்கடை வருதா?"

"வரல."

"அந்தப் பழைய இஞ்சின் குவியல்?"

"அதையும் தள்ளிட்டேன். உன் தொப்பையை எங்க தள்றதுன்னுதான் தெரியல."

"சிரிக்கவெக்காத. பெரிய மனுஷன் சிரிச்சா மரியாதை போயிடும்."

சாக்கடை, இஞ்சின் குவியல், பள்ளிவாசல் சுவரில் காயும் துணிகள், பல்லைக் காட்டியபடி நிற்கும் இத்ரிசு என்று எதையும் படத்தின் ஓரத்துக்கு வெளியே தள்ளும் வித்தை பிராகோவுக்குக் கைவந்திருந்தது. தள்ளவே தேவைப்படாத பொருள் ஒன்றே ஒன்றுதான். அது அவள். படம் எடுப்பவள் படத்தில் வர மாட்டாள் அல்லவா?

படத்துக்குக் கீழே அனானே எழுதும் வாசகம் எப்போதும் சுருக்கமாக இருக்கும்: "கடவுள் செய்தார்." அன்று காலையில் கடவுள் மூன்று கோட் அடித்து, உப்புத்தாள் தேய்த்து, பாலிஷ் போட்டு, மதியம் இருமியிருந்தார். அந்த விவரங்கள் எழுதப்படவில்லை. சொந்த ஊரான ஜமாசியிலிருந்தும் அக்ராவிலிருந்தும், குளிர்தேசத்தில் தட்டுக் கழுவும் உறவினர்களிடமிருந்தும் பதில்கள் கொட்டும். "சேர்மனே!" "தலைவா, எங்க மேலயும் கொஞ்சம் தூவுங்க!" "ஜமாசி மண்ணுக்கே பெருமை!" ராத்திரிச் சாப்பாட்டின்போது அனானே ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டுவார். பிராகோ ஃபூஃபூக் களியைக் கிள்ளிக் குழம்பில் தோய்த்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கும். பகலெல்லாம் வண்டிக்காரர்கள் "ஏய் பெயிண்ட்டு" என்று கூப்பிட்ட முகம் அது.

அவர்கள் கல்யாணம் நடந்தது உண்மை. அதற்கு ஒரு படம்கூட இல்லை என்பதும் உண்மை. இரண்டும் ஒரே மழைநாளில் நடந்தவை.

அனானேயின் குடும்பத் தலைவர் அப்போது அட்ஜேய் என்ற கிழவர். அவர் இரண்டு பாட்டில்களோடு பிராகோவின் தாய்மாமன் வீட்டுக்கு வந்து, பெண்ணின் தலைக்கு வைக்கும் மதுவை முறைப்படி வைத்தார். மாமா போவாடு வாங்கிக் குடித்தார். அதோடு கல்யாணம் முடிந்தது. மழை பெய்து முற்றம் சேறாகிவிட்டதால் எல்லோரும் சமையல் கொட்டகைக்குள் நெருக்கியடித்து நின்றார்கள். யாரோ போனை எடுத்தார்கள். அனானே கையைக் காட்டித் தடுத்துவிட்டார்.

"இதைப் போட வேணாம். பின்னாடி கோழிக்கூண்டு தெரியுது. வர்ற டிசம்பர்ல சரியாப் பண்றோம். வெள்ளை கவுன், பந்தல், எல்லாம். அதைப் போடுவோம்."

டிசம்பர் ஆண்டுதோறும் வந்தது. கட்டி முடிக்காத வீட்டை எவனும் ஊருக்குக் காட்டுவதில்லை என்ற நியாயப்படி, ஃபேஸ்புக்கில் அனானேயின் பெயருக்குக் கீழே 'தனியாள்' என்பது அப்படியே நின்றது. பிராகோ ஓரிரு முறை கேட்டாள். "பந்தலோட மாத்தறேன்" என்றார். அவள் நம்பினாள். அவரும் நம்பினார் என்பதுதான் இதில் சங்கடம்.

ஒரு முறை, கறுப்பு ஜீப் ஒன்றுக்குப் பெயிண்ட் அடித்தபோது, படத்தை எடுத்துவிட்டுப் பார்த்த பிராகோ நாக்கைக் கடித்துக்கொண்டாள். திறந்த கதவில் அவளே தெரிந்தாள். தலைத்துணியும், குந்திய முழங்காலும், முகத்துக்கு முன்னால் பிடித்த போனும் நன்றாகவே தெரிந்தன.

"அய்யோ, நானும் வந்துட்டேன். இரு, வேற எடுக்கறேன்."

அனானே வாங்கிப் பார்த்தார். விரலால் பெரிதாக்கி, கதவை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"விடு, இருக்கட்டும். நீ தெரியறேன்னா பெயிண்ட்டு கண்ணாடியா விழுந்திருக்குன்னு அர்த்தம். மட்டமா அடிச்சவன் வண்டியில நீ தெரிவியா?"

"ஊர்ல யாராச்சும் பாத்துட்டா?"

"எவன் கதவைப் பாக்கப் போறான்? இப்போதைக்கு இதான் நம்ம கல்யாணப் படம்னு வெச்சுக்கோயேன்."

சொல்லிவிட்டு, கீழே "ஒற்றை ஆள், ஓயாத உழைப்பு" என்று எழுதிப் பதிவிட்டார்.

அதற்குப் பிறகு பிராகோ ஒவ்வொரு படத்திலும் கதவைத்தான் முதலில் பார்த்தாள். வெள்ளை வண்டியில் மங்கலாகவும், சிவப்பில் நீளமாகவும், கறுப்பில் அச்சாகவும் அவள் இருந்தாள். ஜமாசியே கூடி நின்று அந்தப் படங்களைப் பார்த்தது. அவளைப் பார்த்தவர்கள் இரண்டே பேர்.

ஜமாசிக்கு நேரில் போவதுதான் சேர்மனுக்கு முடியாத காரியம். நூறு கார் வைத்திருப்பவர் டிரோட்ரோ வேனில் முழங்கால் இடிபட உட்கார்ந்து போய் இறங்க முடியுமா? ஆகவே அவர் 'வேலைப் பளு'வில் இருந்தார். அட்ஜேய் கிழவர் செத்தபோதுகூட மெழுகுவர்த்திப் படம் ஒன்றைப் போட்டு, "ஆலமரம் சாய்ந்தது" என்று எழுதி, போன் வழியாக மொய் அனுப்பிவிட்டு, அன்றைக்கு ஒரு டாக்ஸிக்கு மஞ்சள் அடித்துக்கொண்டிருந்தார். தலைமது வைத்த கை மண்ணுக்குள் போனது. மது வைத்ததைப் பார்த்த சாட்சி என்று அனானே பக்கத்தில் இனி அனானே மட்டும்தான்.

பிறகு அவரும் போனார். வறண்ட காற்று அடிக்கும் மாதத்தில் இருமல் முற்றியது. மூக்குக்கு ஒரு துணியைக் கட்டிக்கொண்டு அத்தனை வருடம் பெயிண்ட்டைக் குடித்த மார்பு அது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கோட்டும் இல்லை, கதவும் இல்லை. பார்க்க வந்த மேகசின்காரர் ஒருவர், "பிரார்த்தனைக்காகப் போடறேன் சேர்மன்" என்று போனைத் தூக்கியபோது அனானே போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டார். வந்தவர் போனபிறகும் போர்வையை விலக்கவில்லை.

"பிராகோ, ஊருக்கு இப்படித் தெரியக் கூடாது."

"தெரியாது."

"என்ன ஆனாலும்."

"என்ன ஆனாலும் தெரியாது. துணியை இறக்கு, மூச்சு முட்டும்."

செத்த உடல் தாய்வழிக் குடும்பத்துக்குச் சொந்தம். அதில் பிராகோவுக்குப் பேச்சில்லை. ஆனால் மனைவிக்கென்று சில உரிமைகள் உண்டு. இறந்தவனின் கடைசிக் குளியலுக்குத் துண்டும் சோப்பும் உடம்பு தேய்க்கும் நாரும், கையில் வைக்கக் கைக்குட்டையும், போர்த்தத் துணியும் மனைவிதான் கொடுக்க வேண்டும். சடங்கன்று மனைவி முன்வரிசையில் உட்கார வேண்டும். சுவரொட்டியில் அவள் பெயர் வர வேண்டும். பிராகோ கேஜெட்டியா சந்தைக்குப் போய் எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து வாங்கிக் கட்டி வைத்தாள். நாரை மட்டும் மூன்று கடை ஏறி இறங்கி வாங்கினாள். அவருக்குச் சொரசொரப்பானது ஆகாது.

உடல் ஆஸ்பத்திரிக் குளிர்ப்பெட்டியில் காத்திருக்க, எட்டாம் நாள் ஜமாசியிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள் கறுப்பும் சிவப்பும் உடுத்தி வந்து இறங்கினார்கள். புதிய குடும்பத் தலைவர் தாப்பா, ஆயுள் முழுக்கத் தொலைதூர பஸ் ஓட்டி ஓய்ந்தவர். அவருடைய அக்கா மகன் ஃபோஜோ, அக்ராவில் சுவரொட்டி வடிவமைப்பவன். இத்ரிசுதான் வழிகாட்டி வந்தான்.

"வீடு எங்கப்பா?" என்றார் தாப்பா.

"இதான் ஐயா."

"இது நிறையப் பேரு வாடகைக்கு இருக்கற வீடால்ல இருக்கு. சேர்மன் வீடு எங்க?"

"இதுல அந்த மூலையில ஒரு ரூம்பு ஐயா."

கூட்டம் அந்த மூலையைப் பார்த்தது. அங்கே ஒரு வாத்து நின்றது. ஜமாசிப் பெண்களில் ஒருத்திதான் முதலில் சுதாரித்தாள்.

"நிஜப் பணக்காரங்க இப்படித்தான்டி இருப்பாங்க. காட்டிக்கவே மாட்டாங்க."

"ஆமாமா, கண்ணு படும்ல."

"என் பெரியவன் சும்மா சுத்திக்கிட்டிருந்தவன், இவர் படத்தைப் பாத்துத்தான் வேலைக்கே போனான். சுவத்துல ஒட்டி வெச்சிருக்கான், தெரியுமா?"

அறைக்குள்ளிருந்த பிராகோவின் காதில் இதெல்லாம் விழுந்தது. கையில் பட்டன் போன் இருந்தது. அந்தப் பக்கம் மாமா போவாடு காத்திருந்தார். முழங்கால் வலியால் வர முடியாதவர். தலைமது வாங்கிக் குடித்தது தான்தான் என்று போனிலேயே கூட்டத்துக்குச் சாட்சி சொல்வதாக ஏற்பாடு. "நீ போனை மட்டும் பெரியவர் காதுக்கிட்ட வெச்சுடு. நான் குடிச்ச பிராண்டு வரைக்கும் சொல்லிடறேன்" என்றிருந்தார்.

முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போடப்பட்டன. ஃபோஜோ தன் பெரிய திரையில் படங்களைத் தள்ளித் தள்ளிப் பெரியவர்களுக்குக் காட்டினான்.

"இது கறுப்பு ஜீப்பு. இது வெள்ளை. இது பென்ஸு. இது ஷாம்பெயின் கலரு..."

"அது ஷாம்பெயின் இல்ல, அந்தாளு முதல்ல தங்கக் கலருதான் கேட்டான்—" என்று ஆரம்பித்த இத்ரிசு, பிராகோவின் இருமலைக் கேட்டு, தனக்கும் இருமல் வந்ததுபோல் நடித்தான்.

தாப்பா தொண்டையைச் செருமினார். "அம்மா, அனானே குடும்பத்துச் சொத்து குடும்பத்துக்கு வரணும். வண்டி ஒண்ணையும் காணோம். நீ இந்த ரூம்புல இருந்தவ. நீ யாரு?"

"நான் அவர்—"

"இருங்க மாமா," என்றான் ஃபோஜோ. "அவர் தனியாள்னுதான் போட்டிருக்காரு. ஆரம்பத்துலேர்ந்து பாத்துட்டேன். பொண்டாட்டி இருந்தா ஒரு படத்துலயாவது இருக்க மாட்டாங்களா?"

இதற்கு ஜமாசியே தலையாட்டியது. இவ்வளவு பெரிய ஆதாரத்துக்கு முன்னால் இரண்டு பாட்டில் எம்மாத்திரம்?

தாப்பா கையை உயர்த்தினார். "படம் கெடக்கட்டும். நான் நேரா கேக்கறேன். உன் தலைக்கு மது வெச்சானா, இல்லையா? வெச்சிருந்தா நீ பொண்டாட்டி. பொண்டாட்டின்னா சாவி உன்கிட்ட இருக்கணும், வண்டி எங்கேன்னு உனக்குத் தெரிஞ்சிருக்கணும். சாவி இல்லைன்னா ரெண்டுல ஒண்ணு. நீ ஒளிச்சு வெச்சிருக்கே, இல்ல அவன் இத்தனை வருசமா ஊரை ஏமாத்தினான்."

"ஏமாத்தறவனுக்கு எதுக்கு சனிக்கிழமைச் சடங்கு? எதுக்குப் பந்தல், மைக்கு?" என்றார் பின்வரிசைக் கிழவர் ஒருவர். "ஒரு நாள் காலையில கொண்டுபோய் மூடிட்டு வந்துடலாம்."

மகன் சேர்மனைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கும் அந்தத் தாய் எழுந்து நின்று பிராகோவையே பார்த்தாள். வாத்தும் பார்த்தது.

பிராகோ தன் முன்னால் இருந்த மூன்று வாசலையும் மனசுக்குள் பார்த்தாள். மனைவி என்று சொல்லி வண்டிகள் இல்லை என்றால் அவர் பொய்யர். போர்வையை இவளே இழுத்துக் கீழே இறக்கியதாகும். மனைவி என்று சொல்லி வாயை மூடிக்கொண்டால் இவள் திருடி. மாமா வரைக்கும் இழுத்து விசாரிப்பார்கள், பட்டறை பட்டறையாகத் தேடுவார்கள், முதல் பட்டறையிலேயே உண்மை கிடைத்துவிடும். மூன்றாவது வாசல்தான் குனிந்து போக வேண்டியது. சும்மா சேர்ந்திருந்த பெண்ணிடம் எவனும் சாவி கொடுத்து வைப்பதில்லை. அவளிடம் எந்தக் குடும்பமும் கணக்குக் கேட்பதில்லை.

போன் இணைப்பைத் துண்டித்தாள்.

"வைக்கல ஐயா."

"என்னது?"

"மது எதுவும் வைக்கல. சும்மா சேர்ந்து இருந்தோம். வண்டி விஷயம் எல்லாம் என்கிட்ட பேச மாட்டாரு. பெரிய ஆளு. வாங்குவாரு, விப்பாரு."

இத்ரிசு நாற்காலியிலிருந்து பாதி எழுந்தான். "அண்ணி!"

"அண்ணி என்ன அண்ணி? அக்கான்னு கூப்பிடு," என்றாள் பிராகோ.

அவன் அவளைப் பார்த்தான். உட்கார்ந்தான். தரையைப் பார்த்தபடி, தன் வாழ்க்கையில் முதல் முறையாகச் சுருக்கமாகப் பேசினான். "ஆமா ஐயா. வாங்குவாரு, விப்பாரு. கடைசில ஆஸ்பத்திரிக்குன்னு எல்லாம் போச்சு."

பெண்கள் பெருமூச்சு விட்டார்கள். பார்த்தியா, அவ்வளவு சொத்தும் வைத்தியத்துக்கே போச்சு என்று ஒருத்தி அழத் தொடங்கினாள். பிராகோவின் போன் மணி அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது.

"யாரும்மா அது?" என்றார் தாப்பா.

"சர்க்கரை போடறவங்க ஐயா. கடைக்கு."

மாமா போவாடு அன்று சாயங்காலம் வரைக்கும் விடாமல் அடித்துக்கொண்டே இருந்தார்.

அனானேயின் போனும் குடும்பச் சொத்துதான், ஃபோஜோ எடுத்துக்கொண்டான். ஊருக்குத் திரும்பும் முன் கஞ்சிக் கடைக்கு வந்து, சுவரொட்டிக்குத் தேர்ந்தெடுத்த படத்தைக் காட்டினான். கறுப்பு ஜீப்.

"அக்கா, இதான் கம்பீரமா இருக்கு. ஆனா பாருங்க, கதவுல யாரோ குந்திக்கிட்டிருக்காங்க. தலையில துணி கட்டிக்கிட்டு. யாரு இது, தெரியுமா?"

பிராகோ கரண்டியைக் கீழே வைத்தாள். குனிந்து பார்த்தாள்.

"போற வர்ற யாராச்சும் இருக்கும்."

"படத்தையே கெடுக்குது. அழிச்சிடவா?"

"கதவு கெட்டுப் போகுமா?"

"என்ன?"

"அழிச்சா அந்தப் பளபளப்பு போயிடுமான்னு கேட்டேன். அது... நல்ல பெயிண்ட்டு மாதிரி இருக்கு."

"அதெல்லாம் போகாது. இன்னிக்குத்தான் கம்பெனிலேர்ந்து வந்த மாதிரி ஆக்கிடுவேன்."

"அப்ப அழிச்சிடு," என்றாள். பிறகு அவனுக்கு ஒரு குவளை கஞ்சி ஊற்றிக் கொடுத்தாள். அவன் போனபிறகு பார்த்தால், சர்க்கரை போடவே மறந்திருந்தாள்.

சனிக்கிழமை ஜமாசியில் பந்தல் வானம் தொட்டது. மைக் செட்டு பக்கத்து ஊர்க் கோழிகளையும் கலைத்தது. மேகசின்காரர்களின் வேனில் பிராகோவும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தாள். முன்னால் ஆள் உயரச் சுவரொட்டி. உடன்பிறந்தார், மருமக்கள், தூரத்து மாமன்கள் எல்லோர் பெயரும் வரிசையாக வரும் இடத்தில், விதவையின் பெயர் வர வேண்டிய வரியில் ஃபோஜோ தன் கற்பனையைச் செலவழித்திருந்தான்: "உழைப்பையே மணந்தவர்." இளைஞர்கள் வரிசையில் நின்று, சுவரொட்டியோடு சேர்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் சேர்மனைப் போல, இல்லாத கோட்டின் பையில் கையை விட்டுக்கொண்டார்கள்.

கட்டி வைத்த மூட்டையை இத்ரிசுதான் கொண்டுபோய்க் கொடுத்தான். மைக்கில் அறிவித்தார்கள்: "சுவாமே மேகசின் தொழிலாளர்கள் சார்பில், துண்டு ஒன்று, போர்வைத் துணி ஒன்று, சோப்பு, கைக்குட்டை, நார்! கை தட்டுங்கள்!" கூட்டம் தட்டியது. பிராகோவும் தட்டினாள்.

கொஞ்ச நேரத்தில் தாப்பா மூட்டையோடு பின்வரிசைக்கு வந்து அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஆம்பளைங்க பணம் குடுப்பாங்க, பாட்டில் குடுப்பாங்க. நாரை எவன் வாங்கினான்?"

"அவங்க சொன்னாங்க, நான் கடைக்குப் போனேன்."

"இவ்வளவு மெத்துன்னு நாரு, கூட்டமா சேர்ந்து வாங்கற நாரா இது?" குரலைத் தாழ்த்தினார். "மகளே, அட்ஜேய் கிழவன் ஒரு மழைநாள் ரெண்டு பாட்டிலோட என் பஸ்ஸுலதான் ஏறினான். எதுக்குன்னு நான் கேக்கல, அவன் சொல்லல. இப்ப நான் கேக்கறேன். மது வெச்சாங்களா? மைக்கு என் ஆளுங்க கையில இருக்கு. ஒரு வார்த்தை சொன்னா உன்னை முன்னால உக்கார வெச்சுடுவேன்."

பிராகோ பந்தலைப் பார்த்தாள். அந்தத் தாயின் பெரிய மகன் சுவரொட்டிக்கு முன்னால் நின்றிருந்தான். மற்றவர்களைப் போலச் சிரிக்கவில்லை. பெரிய மனுஷன்போல நின்றான்.

"வைக்கல ஐயா," என்றாள்.

தாப்பா எழுந்தார். பிறகு, பிரேதத்தைக் குளிப்பாட்டும் பெண்களிடம் அனுப்ப வேண்டிய அந்த மூட்டையை ஆளிடம் கொடுக்காமல், தானே சுமந்துகொண்டு உள்ளே போனார்.

பெட்டி வெளியே வந்தபோது கூட்டம் நெருக்கியது. பிராகோ எப்படியோ முன்னால் தள்ளப்பட்டாள். மூடுவதற்கு முன் ஒரு முறை முகத்தைப் பார்த்துவிடலாம் என்று எட்டினாள். கோட்டு புதிது. பொருத்தமான கால்சட்டையும் போட்டிருந்தார்கள், முதல் முறையாக. அப்போது வெளிநாட்டு உறவினர்களுக்கு நேரலை அனுப்பிக்கொண்டிருந்த ஃபோஜோ கையை ஆட்டினான்.

"அக்கா, கொஞ்சம் தள்ளிக்கங்க. சேர்மன் மறையறாரு."

அவள் தள்ளிக்கொண்டாள். எவ்வளவு தள்ள வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சரியாக ஓரத்துக்கு வெளியே போய் நின்றாள்.

இப்போது அந்தச் சுவரொட்டி மேகசின் வாசல் சுவரிலும் இருக்கிறது, கஞ்சிக் கடைக்கு நேர் எதிரே. முதல் மழையில் ஓரம் உரிந்தது. இரண்டாம் மழைக்குள் வேறு யாரோ ஒருவரின் இறுதிச்சடங்கு மேலே ஒட்டப்பட்டுவிடும். ஃபேஸ்புக்கில் அந்தக் கவலை இல்லை. அங்கே சேர்மன் கதவுக்குப் பின்னால் நின்றபடியே இருக்கிறார். பிறந்தநாளன்று செய்தி தெரியாத சிலர் "நூறாண்டு வாழ்க தலைவா" என்று வாழ்த்தினார்கள். ஒருத்தி, "இவ்வளவு அழகான மனுஷன் ஏன் கல்யாணமே பண்ணிக்கல?" என்று கேட்டிருந்தாள். இத்ரிசு தன் போனில் அதைப் படித்துக் காட்டியபோது, பிராகோ அந்தக் கறுப்பு ஜீப்பைக் காட்டச் சொன்னாள். கதவை விரலால் பெரிதாக்கினாள். ஃபோஜோ அங்கேயும் அழித்த படத்தையே மாற்றிப் போட்டிருந்தான், சொன்ன சொல் தவறவில்லை. அன்றைக்குத்தான் கம்பெனியிலிருந்து வந்ததுபோல், ஒரு தூசி இல்லாமல், யாரும் இல்லாமல் பளபளத்தது.

"பழைய படம் எங்கயாச்சும் இருக்கும் அண்ணி. தேடிப் பாக்கட்டுமா?"

"வேணாம். நல்லாத்தான் அடிச்சிருக்கான்."

அன்று புதிதாக வந்த ஒரு வண்டிக்காரர், குவளையை நீட்டியபடி எதிர்ச்சுவரைப் பார்த்தார்.

"இந்தச் சேர்மன் இங்கதான் கஞ்சி குடிப்பாராமே. உங்களுக்குப் பழக்கமா? எப்படிப்பட்ட ஆளு?"

பிராகோ கஞ்சியை ஊற்றினாள். இரண்டு கோசேயைத் தாளில் சுற்றினாள்.

"பெரிய ஆளு," என்றாள். "ஆனா கஞ்சிக்குச் சர்க்கரை மட்டும் பத்தவே பத்தாது. சின்னப் பிள்ளை மாதிரி, இன்னும் போடு, இன்னும் போடுன்னு நிப்பாரு."

அவர் குவளையில் ஒரு கரண்டி போட்டாள். கேட்காமலே இன்னொன்றும் போட்டாள்.